மைனர் மகள் பாப்பா

“பாப்பா என்ன படிக்குதுங்கய்யா?” என்று பத்திர எழுத்தர் ஏகாம்பரம் நேற்றுக் கேட்டபோதே வையாபுரி உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. “ரெண்டாங் கிளாஸ்” என்று வாயில் வந்து விழுந்துவிட்டது. சுத்தப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. பாப்பா ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் போனவள்தான். அந்தக் கிளாஸ் டீச்சரம்மா ஒருநாள் மத்தியானம் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டு, இனிமே அனுப்ப வேண்டாங்க, மத்த பிள்ளைங்க படிப்புக் கெடுது என்று சொல்லிவிட்டுப் போய் முப்பத்தோரு வருஷம் ஆகிறது. ஆனால் ஏகாம்பரம் கேட்டது அந்தப் பழங்கதையை அல்லவே. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லா அப்பன்களையும் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். அப்படி ஒருத்தர் கேட்டு எத்தனை காலமாச்சு! தெரிந்தவர்கள் யாரும் கேட்பதில்லை. தெரிந்தவர்கள் “இப்ப எப்படி இருக்கு?” என்பார்கள், காய்ச்சலில் கிடக்கிறவளை விசாரிக்கிற குரலில். அந்த ஒரு நிமிஷ ருசிக்கு ஆசைப்பட்டு அறுபத்தொன்பது வயசு மனுஷர் ஒரு பொய்யைச் சொல்லி, அதோடு விட்டாரா, “நல்லாப் படிக்குதுங்களா?” என்ற அடுத்த கேள்விக்கு, “கணக்குதான் கொஞ்சம் வராது” என்று வேறு சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார். கணக்கு வராதாம்! வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் உடம்பெல்லாம் கூசியது. ஏகாம்பரம் அதை அப்படியே குறித்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு வரும்போது டிராப்ட் தயாராக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார்.

இப்போது கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்ச் சந்து, தகரக் கூரை, மணி பதினொன்றரை, தகரம் சூடேறி உச்சந்தலையில் இறங்குகிறது. ஏகாம்பரத்துக்கு எதிரே ஒரு புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து மனை விஷயம் பேசுகிறார்கள். அவர்கள் எழுந்தால் அடுத்தது இவருடைய உயில். உயில்! அது பங்களாக்காரர்கள் சமாச்சாரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் படிக்கட்டில் நின்ற கண்டக்டருக்கு இருப்பது ஒரு ஓட்டு வீடு, ரெண்டு ரூம், பின்னால் ஒரு கொய்யா மரம். இதுக்கு ஒரு உயிலா என்று சிரித்திருப்பார், போன மாதம் பாத்ரூமில் விழாமல் இருந்திருந்தால். விழுந்ததுகூடப் பெரிசில்லை. காலையில் குளிக்கப் போனவர் ஒரு பக்கமாகச் சரிந்தார், எழ முடியவில்லை, நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது, அவ்வளவுதான். பாப்பா வந்து பார்த்தாள். அப்பா தரையில் கிடப்பதைப் பார்த்து முதலில் கைதட்டிச் சிரித்தாள். அப்புறம் உள்ளே போய்த் தன் தலையணையை எடுத்துவந்து ஈரத்தில் போட்டு அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா, சோறு” என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. சும்மா ஞாபகப்படுத்துகிற மாதிரி. மறுபடி கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா, சோறு.” அரைமணி நேரமோ முக்கால் மணியோ அவர் சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது ஓடியது ஒரே ஒரு நினைப்புதான்: நான் இப்படியே போயிருந்தால் இவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள், பதில் வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். எத்தனை நாள்? கதவில் மேல்தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஒருதடவை தன்பாட்டுக்கு நடந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டாள் என்று செண்பகம்தான், இவருடைய பெண்டாட்டி, உயிரோடு இருந்தபோது ஆசாரியைக் கூப்பிட்டு அதை எட்டாத உயரத்தில் அடிக்க வைத்தாள். பால்காரன் கேட்டில் பையை மாட்டிவிட்டுப் போகிறவன். பக்கத்து வீட்டு ஜைத்தூன் தன் மகள் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். அப்படியானால் மூன்று நாளா, நாலு நாளா? நாற்றம் வந்தால்தானே ஜனங்கள் கதவை உடைப்பார்கள்! கையைக் காலை அசைத்து எப்படியோ அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சோறு போட்டார். அவள் சாப்பிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, இது எச்சரிக்கைதான், அடுத்தது எப்ப வேணாலும் வரலாம் என்று சொன்னார்.

“வடக்கே யாருங்க?” என்று ஏகாம்பரம் அந்தப் புருஷனைக் கேட்கிறார். “வடக்கே பொதுப்பாதை.” இல்லை, அது மேற்கே என்கிறாள் பெண்டாட்டி. நாலு எல்லையும் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னாடி வம்பு என்று ஏகாம்பரம் சொல்கிறார். வையாபுரி தன் வீட்டு எல்லையை மனதுக்குள் ஒப்பித்துப் பார்க்கிறார், கிழக்கே ஜைத்தூன் வீடு, வடக்கே தெரு, அதற்குள் பாப்பா இப்போது டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், வெளியே பூட்டியிருக்கிறது, கேஸை மூடினேனா, மூடினேன், மூடிவிட்டுத் திரும்பிப் போய் ஒருதரம் தொட்டுப் பார்த்தேன், கேட்டருகில் வந்தபிறகு மறுபடி போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மூன்று மணி நேரம் டிவி ஓடினால் இருப்பாள். கரண்டு போனால் இருக்க மாட்டாள். கரண்டு போனால் கதவைத் தட்ட ஆரம்பிப்பாள், தட்டுவது என்றால் நெற்றியால். இங்கே ஃபேன் சுற்றுகிறது, அப்படியானால் அங்கேயும் கரண்டு இருக்கும், ஒரே ஊர்தானே. ஆனால் அது வேற பீடரோ, வேற லைனோ என்னவோ. ஃபேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குத் தலை வாரிவிட்டுத்தான் வந்தார். டிக்கெட் கிழித்த கைக்கு ஜடை பின்ன வந்ததே பெரிய விஷயம், செண்பகம் செத்த புதிதில் ரப்பர் பேண்டு மாட்டத் தெரியாமல் பாப்பா முடியைப் பிடுங்கி அவளும் அழுது இவரும் அழுதது உண்டு. ஜடையாவது பரவாயில்லை. மாதாமாதம் வருகிறதே அது! மெடிக்கல் கடையில் போய் நின்று என்ன கேட்பது என்று தெரியாமல் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய ஆள் இவர். அப்புறம் அந்தக் கடைப் பெண்ணே புரிந்துகொண்டு, பேப்பரில் சுற்றிக் கொடுத்து, எப்படி என்றும் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பெண் நன்றாயிருக்க வேண்டும். பெற்ற மகளுக்கு அப்பன் செய்கிற வேலையா இது என்று முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் செய்தார். பாப்பா எந்தக் கூச்சமும் இல்லாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சீலிங்கைப் பார்த்து நின்றாள். இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, ஏனென்றால் இதை இன்னொரு ஆள் பழக வேண்டும். அந்த இன்னொரு ஆள் யாராக இருக்கும், எந்தக் கையாக இருக்கும், அந்தக் கை நல்ல கையாக இருக்குமா. முகம் தெரியாத ஆம்பளைக் கை ஒன்று மனதில் வந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினார். அந்தப் பெண்டாட்டிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஹோம் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாயிற்று. கெட்ட இடம் என்று சொன்னால் வாய் அழுகிவிடும். தரை கழுவி சுத்தமாக இருந்தது, சாம்பார் வாசனை வந்தது, நடத்துகிற அம்மா முகத்தில் களைப்பு இருந்ததே தவிரக் கள்ளம் இல்லை. ஒரே ஹாலில் இருபத்திரண்டு பெண்கள், இருபத்திரண்டு பேருக்கும் தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். “பேன் வந்துடுதுங்க, வாரிவிட ஆள் இல்லை” என்றாள் அந்த அம்மா. நியாயம்தான். ஆனால் இவர் உள்ளே காலை வைத்ததும் ஒருத்தி ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டு “அப்பா” என்றாள். ஐம்பது வயசு இருக்கும். இன்னொருத்தியும் வந்தாள், அப்பா. உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலைந்து பேர், அப்பா, அப்பா. “யார் வந்தாலும் அப்படித்தாங்க, தண்ணி கேன் போடுறவரையும் கூப்பிடுவாங்க” என்றாள் அந்த அம்மா. அவர்களுடைய நிஜ அப்பன்களெல்லாம் எங்கே என்று கேட்க வேண்டுமா என்ன, செத்திருப்பார்கள். நல்லபடியாக ஏற்பாடு செய்துவிட்டுச் செத்திருப்பார்கள். வெளியே வந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்ததே தெரியவில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மகன் மதிவாணன் ஓசூரிலிருந்து போன் பண்ணினான். ஒழுங்கான பையன், வாரம் தவறாமல் பண்ணுவான். “அப்பா, கோவிச்சுக்காத, ஒண்ணு சொல்லிடறேன். வீட்டை எனக்கு எழுத வேண்டாம்” என்றான். சரிப்பா என்றார் இவர். “பாப்பாவையும் எனக்கு எழுத வேண்டாம்.” இவர் போனை மறு காதுக்கு மாற்றினார். “நான் ஏமாத்த விரும்பலப்பா. பாத்துக்கறேன்னு வாயால சொல்லிட்டு, நீ போனப்புறம் கொண்டுபோய் விட்டா அது பாவம். அவளுக்குப் பயமா இருக்குப்பா, மாசமா இருக்கா, பிறக்கிறதும் இப்படிப் பிறந்துடுமோன்னு ராப்பகலா அழறா.” அவளுக்கு என்றால் மருமகளுக்கு. திட்டலாம் என்று வாயெடுத்தார், திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் லூசோட தம்பி என்று கூப்பிட்டதற்காக மண்டை உடைத்துக்கொண்டு வந்த பையன் அவன். ரெண்டு இடத்தில் பெண் பேசி, வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் அக்காவைப் பார்த்ததும் காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள், அப்போதும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற பிள்ளையை என்ன செய்வது? பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகச் செத்துப்போயிருக்கலாமே என்று போனை வைத்த பிறகு நினைத்தார்.

“ஐயா, வாங்க” என்று ஏகாம்பரம் கூப்பிட்டார். மனைக்காரர்கள் எழுந்து போயிருந்தார்கள். வையாபுரி பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பையில் பாப்பாவின் ஆதார் ஜெராக்ஸ் இருக்கிறது. நேற்றுக் கேட்டபோது மறந்துவிட்டேன் என்று சொல்லி மறைத்ததும் இதே ஜெராக்ஸ்தான். முதலில் இதை நீட்டிவிட வேண்டும் என்று கையை உள்ளே விட்டார். அதற்குள் ஏகாம்பரம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கிவிட்டார். இன்னார் மகன் வையாபுரியாகிய நான், நல்ல நினைவுடனும் பூரண சித்த சுவாதீனத்துடனும், யாருடைய தூண்டுதலும் இல்லாமல். எனக்கு வயதாகிவிட்டபடியாலும் தேகம் நிலையற்றது என்பதாலும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. “எனது மைனர் மகள் பாப்பா, வயது ஏழு, மேஜராகும் வரையில் எனது மகன் மதிவாணன் கார்டியனாக இருந்து மேற்படி சொத்தைப் பராமரித்து வர வேண்டியது. மேற்படி மைனர் பாப்பா பதினெட்டு வயது பூர்த்தியானதும் மேற்படி சொத்தை சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” வையாபுரியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. சர்வ சுதந்திரமாய். ஏகாம்பரம் அதை மந்திரம் மாதிரி ராகத்தோடு படித்தார், தினமும் படிக்கிறவர். பதினெட்டு பூர்த்தியானதும். ஏழு வயசுப் பாப்பா எட்டாகி, பத்தாகி, சைக்கிள் பழகி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, நோட்டுக்கு அட்டை போட்டுத் தரச் சொல்லி, ஒருநாள் காலேஜ் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவரிடமே எரிந்து விழுந்து, படபடவென்று வாசலுக்கு ஓடி, எட்டி அந்த மேல்தாழ்ப்பாளை டக்கென்று தட்டித் திறந்து போகிறாள். வீட்டுச் சாவி அவள் பையில். கதவு அவள் இஷ்டம். ஆண்டு அனுபவிக்கிறாள். கண்ணெதிரே பார்த்தார் ஐயா அந்த மனுஷர், முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட தன்னை நினைக்க விடாத ஒன்றை, அந்தப் பத்திரக் கடையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டார். அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஏகாம்பரம் நிமிர்ந்து, “பாப்பா இது ரெண்டாம் தாரத்துக் குழந்தைங்களாய்யா? அதையும் தெளிவாப் போட்டுட்டா நல்லது” என்று கூச்சத்தோடு கேட்டார்.

வையாபுரி ஜெராக்ஸை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஏகாம்பரம் பார்த்தார். “பூங்கொடி. இது மூத்த பொண்ணுங்களா?” “இதுதான் தம்பி பாப்பா.” ஏகாம்பரம் பிறந்த தேதியைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். அந்தப் போட்டோ ஒன்று போதும், வாய் கொஞ்சம் திறந்து, கண் ரெண்டும் காமிராவை விட்டுவிட்டு வேறெங்கோ. அதற்கப்புறம் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை அவர். நல்ல மனுஷர். “நேத்து ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலைங்க” என்றார் வையாபுரி. “பரவால்லைங்கய்யா, மாத்திடலாம்” என்று ஏகாம்பரம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மைனர் என்ற வார்த்தை மேல் கோடு விழுந்து அழிந்தது. வயது ஏழு, முப்பத்தெட்டு ஆனது, ஒரு தட்டலில். பதினெட்டு பூர்த்தியானதும் என்ற வரி மொத்தமும் போனது, சர்வ சுதந்திரமும் கூடவே போனது. “இப்ப இவங்களைப் பாத்துக்கப் போறது யாருன்னு ஒரு பேர் வேணுங்கய்யா. சட்டப்படி கார்டியன் ஆகணும்னா கலெக்டர் ஆபீசுல தனியா மனுக் குடுக்கணும், அது வேற. ஆனா உயில்ல உங்க விருப்பம்னு ஒரு பேர் இருக்கணும். மகன்னு சொன்னீங்களேன்னுதான் போட்டேன், தம்பி மதிவாணன் பேரே இருக்கட்டுங்களா?” வேண்டாம் என்று வாய் சொன்னது. “வேற சொந்தம்?” செண்பகத்தின் தங்கச்சி இருக்கிறாள், அவளுக்கே ரெண்டு முழங்காலும் போய்விட்டது. ஜைத்தூன் நல்லவள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரி தலையில் கட்டுகிற விஷயமா இது. கூட வேலை பார்த்த டிரைவர், செத்துப்போனார். அடுத்தது யார், அடுத்தது யார் என்று ஊரெல்லாம் சுற்றி வந்தார், ஒவ்வொரு வாசலிலும் பாப்பா தலையணையோடு நிற்கிறாள், ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வருகிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவருடைய வாசலில் இன்னொருத்தன் மகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் திறப்பாரா? திறந்திருக்க மாட்டார், சத்தியமாக. “இப்போதைக்குப் புள்ளி வெச்சு விடறேங்கய்யா, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் ஏகாம்பரம். திரையில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வரி விழுந்தது.

“இன்னும் ஒரே ஒரு பாரா. இது எல்லா உயில்லயும் இருக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு படித்தார். “ஒருக்கால் மேற்படி பூங்கொடி எனக்கு முன்பாகவே காலமாகிவிடும் பட்சத்தில், மேற்படி சொத்து எனது மகன் மதிவாணனைச் சேர வேண்டியது.” எனக்கு முன்பாகவே. முன்னே ஒருநாள் மாரியம்மன் கோயிலில், பாப்பாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும், செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தது இவர் காதில் விழுந்துவிட்டது. எனக்கு முன்னாடி அவளை எடுத்துக்க தாயே, ஒரே ஒரு நாள் முன்னாடி எடுத்துக்கிட்டாப் போதும். கோயில் என்று பார்க்காமல் அவள் கன்னத்தில் அறைந்தார். நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டார், ஜனங்கள் பார்க்கக் கேட்டார். செண்பகம் முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பாப்பா நெற்றியில் திருநீறு வைத்தாள். அப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், மாஸ்க்கை விலக்கிவிட்டு, “நான் முந்திக்கிட்டேன், என்னை மன்னிச்சிருங்க” என்றாளே, அது எதற்கு மன்னிப்பு என்று அன்றைக்கு விளங்கவில்லை, இன்றைக்கு, பட்டப்பகலில், இந்தத் தகரக் கூரைக்குக் கீழே விளங்குகிறது. அவள் தோற்றுப்போய் இவர் தலையில் விட்டுவிட்டுப் போனது அந்த வேண்டுதலைத்தான். அவர் திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏகாம்பரத்துக்கு மனசு கேட்கவில்லை. “அபசகுனமா இருக்குங்களாய்யா? பெத்தவங்க கிட்டப் படிக்கற வார்த்தையா இது. இருங்க, இதை எடுத்துடறேன்” என்று சொல்லி அந்தப் பாரா முழுவதையும் அழிப்பதற்காகக் கறுப்பாக்கினார்.

“எடுக்காதய்யா!”

எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக அவர் கத்தி வருஷக் கணக்காகிறது. ஏகாம்பரம் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். புரிந்துவிட்டது அவருக்கு. வையாபுரிக்கும் அது தெரிந்தது, தெரிந்தும் வெட்கம் வரவில்லை. “அது இருக்கட்டும் தம்பி” என்றார், இப்போது குரல் அடங்கியிருந்தது. “பேர் எழுதற இடம் எப்படியோ போகட்டும். அது மட்டும் இருக்கட்டும். இன்னொருக்கா படிங்க.”

ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பாராவை முதலிலிருந்து படித்தார். வையாபுரி ரெண்டு கையையும் மேஜைக்குக் கீழே சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டார்.